கரவனின் இலக்கமும் நான் சொல்லாமல் விட்ட நாட்களும்

ஓய்வு பெற்ற வருடம் நான் ஒரு கரவன் வாங்கினேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், தேநீர் வைக்கலாம், மழை வந்தால் யன்னலைச் சாத்திவிட்டு இருக்கலாம். மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, வெளியூர் விடுதிகளின் குளியலறைகளை நினைத்தாலே அவளுக்குப் பயம். குந்தி இருந்தால் எழும்ப முடியாத இடங்களுக்கு நான் வரமாட்டேன் என்று முடிவாகச் சொல்லியிருந்தாள். ஆனால் நிலாவெளிக் கடலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து எனக்குத் தோன்றிய வழிதான் கரவன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் விடுவதற்கே இடம் இல்லை. அதனால் கொட்டாஞ்சேனையில் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்குச் சொந்தமான ஒரு பழைய களஞ்சியத்தின் முற்றத்தில் அதை விடுவதாக ஏற்பாடு.

விற்றவர் வத்தளையில் இருந்த ஒரு விதவை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய கணவர், நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் கரவனை வாங்கி, தானே திருத்தி, ஒவ்வொரு ஆவணியும் மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவாராம். அவர் காலமான பிறகு இழுக்க ஆள் இல்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். நான் எதுவும் கேட்க முதலே அவராகச் சொன்னார்:

"பின் லைட் ஒண்ணு மழை நனைஞ்சா வேலை செய்யாது தம்பி. சொல்லாம குடுத்தா அவருக்கே பிடிக்காது."

அப்படிச் சொன்ன ஒரு மனிதரைத்தான் நான் ஒரு மாதத்திற்குள் கள்ளியாக்கினேன்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அடிப்பக்கத்திற்குத் துருப்பிடிக்காத கறுப்புப் பூச்சு அடிக்கக் கொடுத்தேன். மட்டக்குளியில் இருந்து ஒரு பெயின்ட் பாஸ், பூச்சு வேலைக்காரர், வந்து இரண்டு நாள் வேலை செய்தார். சொந்த ஊர் ஹட்டன் பக்கம். அதிகம் கதைக்காத மனிதர். அடி முழுவதும் தார் ஊற்றியது போலக் கறுத்து மின்னியது. எனக்குப் பெரிய திருப்தி.

அதன் பிறகு பெயர் மாற்றுவதற்காக வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதகர் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"நொம்மரே கோ, மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். நம்பர் எங்கே என்று.

செசி நம்பர். வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்பில் வெட்டியிருக்கும் இலக்கம். புத்தகத்தில் இருந்தது, வண்டியில் இல்லை. சில வேளை பெயின்டுக்குள் இருக்கும், தேடிப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். போகிற போக்கில், களவு போன வண்டிகளில் இலக்கத்தை அரத்தால் ராவி அழித்து விடுவதும் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதலாவதாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இரண்டாவது மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

நான் வேலை செய்தது ஒரு கப்பல் கம்பனியின் ஆவணப் பிரிவில். முப்பத்திரண்டு வருடம் கொள்கலன் இலக்கங்களைச் சரிபார்த்தவன். ஒரு எழுத்துப் பிசகினாலும் பிடித்துவிடுவான் என்று எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நான் இலக்கத்தைப் பார்க்காமல் ஒரு வண்டியை வாங்கிவிட்டேன் என்ற எண்ணம் என்னைப் போட்டு அரித்தது. அந்தக் கோபத்தை என்மேல் வைத்திருக்க எனக்கு மனமில்லை. வேறு யாராவது தேவைப்பட்டார்கள்.

கொட்டாஞ்சேனை முற்றத்தில் அட்டையை விரித்து, அதன்மேல் முதுகைப் போட்டு இரண்டு நாள் தேடினேன். வலது பக்கச் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் முழுதும் சுரண்டினேன். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் சுரண்டினேன். இடது பக்கம் மதிலோடு ஒட்டி நின்றது. வண்டியைத் தள்ளி நகர்த்த இன்னும் இரண்டு பேர் வேண்டும். நான் கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. முழுக்கத் தேடியாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வத்தளைக்குப் போனேன்.

அது ஒக்டோபர், ஜெபமாலை மாதம். அந்த ஒழுங்கையில் மாதாவின் சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருமாகச் சேர்ந்து ஜெபிப்பார்கள். அன்று அக்கா வீட்டு முறை. முன்னறை நிறைந்து, ஆட்கள் விறாந்தையிலும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். நான் கேற்றில் நின்றபடியே கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டேன். அவர் ஜெபமாலையைக் கையில் சுற்றியபடி எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி. இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"எனக்கு டீ வேண்டாம். நீங்கள் வித்த வண்டியில செசி நம்பர் இல்லை."

"இல்லையா? அவரு பார்த்திருக்காரே தம்பி."

"அவர் பார்த்தது இருக்கட்டும். நம்பர் இல்லாத வண்டி எண்டால் என்ன எண்டு தெரியுமோ? களவெடுத்த வண்டி. உங்கட மனுசன் அதை எங்க எடுத்தவர் எண்டு உங்களுக்காவது தெரியுமோ, இல்லாட்டில் உங்களையும் ஏமாத்தினவரோ?"

நான் சத்தமாகத்தான் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் அவர் பயந்து உண்மையைச் சொல்வார் என்று எண்ணியிருந்தேன். உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றது. விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர்களை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னை.

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "நம்பர் இருக்கு. எங்கன்னு எனக்குத்தான் தெரியல்ல. தேடிப் பார்த்துச் சொல்றேன்."

"ஒரு கிழமை தாறன். அதுக்குப் பிறகு பொலிசுக்குத்தான் போவன்."

காரில் ஏறும்போது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, சில்லுகளுக்கு மேலே விடுபட்டிருந்த இடங்களைப் பூச பெயின்ட் பாஸ் திரும்ப வந்தார். நான் அலுப்போடு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"நம்பரா? அது இடது பக்கம் இருக்கே சார்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"சில்லுக்கு முன்னுக்கு. பூச்சு அடிக்கிறப்போ நான் உங்களுக்குப் போன் எடுத்தேனே சார். இங்க நம்பர் மாதிரி வெட்டி இருக்கு, பேப்பர் ஒட்டி விட்டுட்டு அடிக்கவான்னு கேட்டேன். ஒண்டையும் விடாமல் அடியுங்கோ, பிறகு துருப்பிடிச்சால் உங்களைத்தான் பிடிப்பன்னு சொன்னீங்க. அதான் அடிச்சேன்."

அவர் சொல்லும்போதே எனக்கு நினைவு வந்தது. நான் அன்று வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு நின்றேன். ஒரு கையில் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி. விளைமீனுக்கும் பாரைக்கும் விலை பேசிக்கொண்டிருந்த அவசரத்தில், அந்த மனிதர் கேட்ட கேள்வியை முழுதாகக் கேட்காமலே பதில் சொல்லியிருந்தேன். என்னுடைய சொற்கள் அவருடைய வாயில் அப்படியே இருந்தன.

களஞ்சியத்தில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வண்டியை மதிலில் இருந்து நகர்த்தினோம். பாஸ் தின்னரில் துணியை நனைத்து, ஒரு சாண் இடத்தைத் துடைத்தார். கறுப்பு கரைந்து வழிய, இரும்பில் ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. புத்தகத்தில் இருந்தது அப்படியே, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். பரிசோதகருக்குக் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று பாஸ் சோக்குக் கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன்தான். என்ன சொல்வது? நம்பர் கிடைத்துவிட்டது என்று சொன்னால், எங்கே இருந்தது என்று கேட்பார். நான்தான் மூடச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நம்பர் கிடைத்த கதையைச் சொன்னேன். பூச்சுக்குள் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அவவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ? பாவம், யோசிச்சுக்கொண்டு இருப்பா," என்றாள்.

"ஓம், சொல்லிப்போட்டன்."

அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை நான் கொடுத்த கெடு முடிகிற நாள். காலையில் அக்காவின் அழைப்பு வந்தது. திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மணி ஓயும் வரைக்கும். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது. குளியலறைக்குள் போய் நின்று அதைக் கேட்டேன்.

"தம்பி, கோவிக்காதீங்க. அவருடைய பேப்பர் எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு மூணு நாள் மட்டும் தாங்க. பொலிசுக்குப் போயிராதீங்க."

பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தமும், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டன. நான் அதற்கும் பதில் போடவில்லை. பிந்திச் சொல்வது முந்திச் சொல்வதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தே பிந்தினேன். ஞாயிறும் போனது. திங்களும் போனது. திங்கட்கிழமை ஒருவேளை அவரே மறந்துவிடுவார், அல்லது நான் பெயர் மாற்றி முடித்த பிறகு ஒரு வரியில் தெரிவித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் கரவனுக்குத் திரைச்சீலைக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்து வாசலில் ஒரு குடை தெரிந்தது. அக்காதான். களஞ்சியத்துக்காரரான என் மச்சினர் கரவனைக் கொண்டுவந்து விட்ட நாளில் கூட வந்திருந்ததால் இடம் தெரியும். என் மனைவிக்குப் போன் எடுத்து, நான் இங்கே நிற்கிறேன் என்று கேட்டறிந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"கிடைச்சிருச்சு தம்பி!"

கைப்பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். மெல்லிய கோப்புக் காகிதம். இரும்பின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்த இலக்கம் அதில் வெள்ளையாகத் தெரிந்தது. கீழே அவருடைய கணவரின் கையெழுத்தில், இடது சில்லுக்கு முன்னால் ஒரு சாண் என்று எழுதியிருந்தது.

"பைபிளுக்கு உறை போட்டிருந்தாரு. அந்த உறைக்குள்ள இருந்துச்சு. ஜெபம் சொல்றப்போ எல்லாம் கையில வெச்சிருக்கேன், இதைக் காணல்ல பாருங்க. என்னால உங்களுக்கு எவ்வளவு கரைச்சல். மன்னிச்சுக்கங்க தம்பி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"நல்ல காலம் அக்கா. வாங்கோ, இப்பவே பார்ப்பம்."

அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையோ தேடப் போகிறவன் போல வண்டியின் இடது பக்கம் போய்க் குந்தினேன். ஏதோ அளப்பது போலச் சாண் கூட வைத்தேன். அவரும் ஒரு கையால் சில்லைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். எனக்கு முதல் அவர்தான் பார்த்தார். கறுப்புக்கு நடுவில் துடைத்து மினுக்கிய ஒரு சாண் இரும்பு. அதைச் சுற்றி வெள்ளைச் சோக்கால் வட்டம். அந்த வட்டத்தை நான் அடியோடு மறந்திருந்தேன்.

அவர் அந்த வட்டத்தை விரலால் தொட்டார்.

"இந்த வட்டம் யாரு போட்டது?"

நான் சாண் வைத்த கையை எடுத்தேன்.

"முதலே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

அவர் நிமிர்ந்தார். "சனிக்கிழமை போன் எடுத்தேனே. மெசேஜும் போட்டேன்."

"கேட்டனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் கேட்டது, மீன் சந்தை, நான் சொன்ன பதில், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லது.

"சனிக்கிழமை நீர்கொழும்புக்குப் போனேன்," என்றார் கடைசியில். "அவரோட கூட்டாளி ஒருத்தர் இருக்காரு. இதை வாங்கினப்போ கூடப் போனவரு. அவருகிட்ட, இது களவு வண்டியான்னு கேட்டேன். அவரு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நீங்களே இதைக் கேட்கிறீங்களான்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல்ல. நேத்து வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய், பழைய கோப்பைத் தேடித் தரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அது எல்லாம் பரவாயில்ல. ரெண்டு நாள் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தேன். ரெண்டு நாள் அவரு படத்துக்கு முன்னால மெழுகுதிரி ஏத்தல்ல."

கரவனின் படியில் இருந்துவிட்டேன். மன்னியுங்கோ அக்கா என்று சொன்னேன், பல தடவை சொன்னேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"காரில கொண்டுபோய் விடுறன்."

"வேணாம் ஐயா. பஸ் இருக்கு."

தம்பி என்றவர் ஐயா என்றார். பஸ் தரிப்பு வரைக்கும் பத்தடி பின்னால் நடந்தேன். வத்தளை பஸ் வந்தது. அவர் ஏறினார். கொண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் இருந்தாள்.

"காலமை அவ போன் எடுத்தவ. பேப்பர் கிடைச்சிட்டுது, கொண்டுபோறன் எண்டு சொன்னவ. எனக்கு விளங்கேல்ல. நீங்கள் முதலே சொல்லிப்போட்டீங்கள் எல்லோ?"

நான் கதிரையை இழுத்து இருந்து முழுவதையும் சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. வத்தளைக் கேற்றில் நின்று கத்தியதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது.

அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"களவு எண்டு நீங்கள் சொல்லேக்க எத்தனை பேர் நிண்டவை?"

"இருபது, இருபத்தைஞ்சு பேர் இருக்கும்."

"பிழை எண்டு சொல்லேக்க?"

"அவ மட்டும்தான்."

அவள் எழும்பி, மேசையைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனாள். அன்று எனக்குச் சாப்பாடு போட்டாள். ஆனால் கூட இருந்து சாப்பிடவில்லை.

இரண்டு நாளில் இருவருமாக வத்தளைக்குப் போனோம். ஜெபமாலை அப்போது அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி நடந்தது. முடியும் வரைக்கும் வெளியே நின்றோம். ஒரு பெண் என் மனைவியின் காலைப் பார்த்துவிட்டுக் கதிரை கொண்டுவந்து போட்டார். கடைசிப் பாட்டு முடிந்து, அவித்த கடலையும் தேநீரும் கொடுக்கத் தொடங்கியபோது, ஜெபம் நடத்தியவரிடம் போய் ஒரு நிமிடம் பேச விடும்படி கேட்டேன். எழுபது வயதிருக்கும் அவருக்கு. என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் இறுகியது. ஆனாலும் தலையாட்டினார்.

நான் மேடைப் பேச்சுப் பேசிப் பழகியவன் அல்ல. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முதல் இந்த ஒழுங்கையில் நின்று காலமான ஒருவரைக் கள்ளன் என்று சொன்னது நான்தான் என்றேன். நம்பர் வண்டியிலேயே இருந்தது, அதை மூடச் சொன்னவனும் நான்தான் என்றேன். கண்டுபிடித்த பிறகும் நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தில் நாக்கு இரண்டு தடவை தடக்கியது.

கடலைத் தட்டோடு நின்ற ஒருவர், காலமானவரின் தம்பி, கேட்டார்:

"வெள்ளிக்கிழமையே சொல்ல என்ன வந்துச்சு?"

"வெட்கமா இருந்தது."

"அப்ப அவங்களுக்கு?"

ஜெபம் நடத்தியவர், "சரி, டீ குடிங்க," என்றார்.

அக்கா சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று பூமாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பேசி முடியும் வரைக்கும் திரும்பவில்லை. பிறகு நேரே என் மனைவியிடம் வந்தார். "கால் எப்படி இருக்கு மகள்? ஏணிப்படி ஏற முடியுதா?" என்று கேட்டார். கரவனின் படி உயரம், அதற்குக் கீழே ஒரு மரக்கட்டை போட்டால் லேசு என்று சொல்லிக்கொடுத்தார். இருவரும் கதைத்துக்கொண்டிருக்க, நான் சூடு ஆறிய தேநீரோடு சற்றுத் தள்ளி நின்றேன். என்னோடு அவர் பேசவில்லை.

நீர்கொழும்புக்கும் போனேன். அந்தக் கூட்டாளி கேற்றைத் திறக்காமல், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே நான் சொன்னதைக் கேட்டார். "எனக்கு முதலே தெரிஞ்ச விசயத்தைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அவர் திரும்பவும் அந்த அக்கா வீட்டுக்குப் போய்வருகிறாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

பெயர் மாற்றம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பரிசோதகர் இலக்கத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிட வேலை. அடுத்த வருடம் பங்குனியில் நிலாவெளிக்குப் போனோம். மரக்கட்டையில் கால் வைத்து மனைவி தானாகவே ஏறி இறங்கினாள், காலையில் கடலில் முழங்கால் வரைக்கும் நின்றாள், நான் போட்ட தேநீரைக் குடித்து நல்லாய் இருக்கிறது என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று மாறிவிட்டது. இப்போதெல்லாம் யாருக்காவது போன் எடுத்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னால், அவள் செய்கிற வேலையை நிறுத்துவாள். கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான் கேட்பாள்: "எப்ப எடுத்தனீங்கள்? அவை என்ன சொன்னவை?" நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் முழுதும் கேட்ட பிறகுதான் திரும்பவும் வேலையைத் தொடங்குவாள்.